37/150: பென்சிலில் எழுதிய அந்த எண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம்?

புது ஃபிளாட்டுக்குக் குடிவந்து ஆறு மாதம் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சோஃபா வந்தாச்சு, டிவி வந்தாச்சு. சோஃபாவுக்கு மேலே இருக்கும் சுவர் மட்டும் இன்னும் காலி. ராத்திரி பதினொரு மணிக்கு இன்ஸ்டாகிராமில் ஒரு படம் கண்ணில் படுகிறது. நீலமும் மஞ்சளுமாக அழகாக இருக்கிறது. கீழே 'லிமிடெட் எடிஷன் ஃபைன் ஆர்ட் பிரிண்ட், 150 பிரதிகள் மட்டுமே, ஓவியரின் கையெழுத்துடன்' என்று போட்டிருக்கிறார்கள். விலை 18,000 ரூபாய். அடுத்த வரியில், 'நல்ல முதலீடும்கூட'.

படத்தின் ஓரத்தை ஜூம் செய்து பார்த்தால் பென்சிலில் 37/150 என்று எழுதியிருக்கிறது. மொத்தம் 150, அதில் இது 37-வது. அவ்வளவுதான் அர்த்தம். ஆனால், அந்த 18,000 ரூபாயில் பெரும்பகுதி படத்துக்காகக் கேட்கப்படுவது அல்ல, கோட்டுக்குக் கீழே இருக்கும் அந்த 150-க்காக. '151-வதை அச்சடிக்க மாட்டோம்' என்று யாரோ உங்களுக்குக் கொடுக்கும் வாக்கு அது. கொடுப்பது யார், அதைக் காப்பாற்றுகிறாரா என்று யார் பார்க்கிறார்கள், காப்பாற்றாவிட்டால் என்ன ஆகும்? இந்த மூன்றும் தெரியாமல் கூகுள் பே-யைத் திறக்க வேண்டாம்.

பிரிண்ட் என்றால் ஜெராக்ஸ்தானே?

பலருக்கும் முதலில் வரும் சந்தேகம் இது. பாதி கேஸ்களில் இந்தச் சந்தேகம் சரிதான். மீதிப் பாதியில் தப்பு. 'பிரிண்ட்' என்ற ஒரே சொல்லை இரண்டு வேறு பொருட்களுக்குப் பயன்படுத்துவதுதான் குழப்பத்துக்கே காரணம்.

முதல் வகையில், அச்சடித்த பிறகுதான் படமே பிறக்கிறது. ஓவியர் செப்புத் தகட்டில் ஊசியால் கீறுகிறார், அமிலத்தில் அரிக்கவைக்கிறார். அது எட்சிங். மரப்பலகையைச் செதுக்கினால் உட்கட். சுண்ணாம்புக் கல்லின்மேல் எண்ணெய்ப்பசை உள்ள கிரேயானால் வரைந்து, எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்பதை வைத்து அச்செடுத்தால் லித்தோகிராஃப். துணி கட்டிய சட்டத்தின் வழியாக மையைத் தள்ளினால் ஸ்கிரீன் பிரிண்ட். கல்யாணப் பத்திரிகையிலும் துணிப்பையிலும் நாம் பார்க்கும் அதே ஸ்கிரீன் பிரிண்ட்தான். கலைக்கூடத்துக்குப் போனால் அதற்கு 'செரிகிராஃப்' என்று பெயர் மாறிவிடும், விலையும் மாறிவிடும். இந்த வகையில் 'ஒரிஜினல் பெயின்டிங்' என்று தனியாக எதுவும் கிடையாது. தாளில் விழுந்த ஒவ்வொரு அச்சும் ஒரிஜினல்தான்.

இதில் எவ்வளவு மூளை வேலை இருக்கிறது என்பதற்கு கிருஷ்ணா ரெட்டியைச் சொல்லலாம். 1925-ல் ஆந்திராவில் பிறந்தவர், சென்னை கலாக்ஷேத்ராவில் ஓவியம் கற்றுக்கொடுத்தவர், பிறகு பாரிஸில் 'அட்லியே 17' அச்சுக்கூடத்தில் வேலை பார்த்தவர். சாதாரணமாக ஒரு வண்ணத்துக்கு ஒரு தகடு வேண்டும். கெட்டியான மை, இளக்கமான மை என்று எண்ணெயின் அளவை மாற்றினால் ஒன்றின்மேல் ஒன்று கலக்காமல் நிற்கும் என்பதை வைத்து, ஒரே தகட்டில் பல வண்ணங்களை ஏற்றி ஒரே தடவையில் அச்செடுக்கும் முறையை அங்கே உருவாக்கியவர்களில் அவர் முக்கியமானவர். இதை ஜெராக்ஸ் என்றால் அடிக்க வருவார்கள்.

இரண்டாவது வகையில் பெயின்டிங் ஏற்கெனவே இருக்கிறது. அதை ஸ்கேன் செய்து, உயர்தர இங்க்ஜெட் மெஷினில் நல்ல காட்டன் தாளில் அச்சடிக்கிறார்கள். இதற்குத்தான் 'ஜிக்லே' என்று ஸ்டைலான பெயர். 1991-ல் அமெரிக்காவில் ஜாக் டுகான் என்ற அச்சுக் கலைஞர் சூட்டியது. 'இங்க்ஜெட்' என்றால் ஆபீஸ் பிரிண்டர் ஞாபகம் வந்துவிடுமே என்று, 'பீய்ச்சுதல்' என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து எடுத்தார். தரத்தில் குறை சொல்ல முடியாது, நல்ல பிக்மென்ட் மை பல பத்தாண்டுகள் நிறம் மங்காமல் இருக்கும். ஆனால், அடிப்படையில் அது ஒரு பெயின்டிங்கின் நகல். (டிஜிட்டலிலேயே உருவாக்கப்பட்ட படமும் புகைப்படமும் விதிவிலக்கு, அங்கே இங்க்ஜெட் அச்சே ஒரிஜினல்.)

இந்த வேறுபாட்டை சுங்கத்துறையே எழுதிவைத்திருக்கிறது. உலக நாடுகள் பின்பற்றும், இந்தியாவும் பின்பற்றும் சுங்கப் பட்டியலின் 97-வது அத்தியாயத்தில் 'ஒரிஜினல்' அச்சு என்றால் என்ன என்று ஒரு குறிப்பு உண்டு. ஓவியர் முழுக்க முழுக்கத் தன் கையால் செய்த தகட்டிலிருந்து நேரடியாக எடுத்திருக்க வேண்டும். இயந்திர முறையிலோ புகைப்பட முறையிலோ எடுத்தது சேராது. கலை விமர்சகர்கள் பக்கம் பக்கமாக வாதாடும் விஷயத்தைச் சுங்க அதிகாரிகள் ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார்கள். ஸ்கிரீனைப் புகைப்பட முறையில் தயாரித்த ஆண்டி வார்ஹால் இந்த வாக்கியத்துக்குள் எங்கே உட்காருவார் என்பது தனிப் பஞ்சாயத்து.

அப்படியானால், 'லிமிட்' எங்கிருந்து வந்தது?

முதலில் அது யாரும் வைத்த லிமிட் இல்லை. செம்பு வைத்த லிமிட்.

தகட்டில் ஊசியால் நேரடியாகக் கீறும்போது கோட்டின் இரு பக்கமும் நுண்ணிய செப்புப் பிசிறு எழும்பும். மை அந்தப் பிசிறில் தங்குவதால் அச்சில் கோடு வெல்வெட் போல மிருதுவாக விழும். ஆனால், ஒவ்வொரு முறை அச்சு இயந்திரத்தில் அழுத்தும்போதும் பிசிறு நசுங்கும். சில டஜன் அச்சுக்கு மேல் அந்த மிருது இருக்காது. 17-ம் நூற்றாண்டில் ரெம்பிராண்ட் இப்படித்தான் வேலை செய்தார். அவருடைய முதல் சில அச்சுகளுக்கும் கடைசி அச்சுகளுக்கும் வித்தியாசம் சாதாரணக் கண்ணுக்கே தெரியும். அங்கே 'முதல் பிரதி உயர்ந்தது' என்பதற்குக் கண் முன்னால் காரணம் இருந்தது.

அவருடைய தகடுகளில் பல அவர் இறந்த பிறகும் பிழைத்திருந்தன. கை மாறிக்கொண்டே போயின, தேய்ந்த கோடுகளைத் திரும்பக் கீறி புதுசு புதுசாக அச்சடித்துக்கொண்டே இருந்தார்கள். அதில் ஒரு தகட்டின் கதை சுவாரஸ்யமானது. நோயாளிகளை இயேசு குணமாக்கும் காட்சி, 'நூறு கில்டர் அச்சு' என்று பெயர் பெற்றது. 18-ம் நூற்றாண்டில் அது வில்லியம் பெய்லி என்ற ராணுவ கேப்டன் கையில் சிக்கியது. அவரும் அச்சுக்கலை தெரிந்தவர். தேய்ந்த தகட்டைத் தானே திரும்பக் கீறி, சுமார் 100 பிரதிகள் அச்சடித்தார். அதற்கப்புறம் தகட்டைத் துண்டு துண்டாக வெட்டிவிட்டார்.

இனி யாராலும் முழுப் படத்தையும் அச்சடிக்க முடியாது. 'லிமிடெட்' என்ற சொல்லுக்கு இதைவிட நேர்மையான செயல் உண்டா? ஆனால் கேப்டன் அதோடு விடவில்லை. வெட்டிய துண்டுகளையும் தனித்தனியாக அச்சடித்தார்!

19-ம் நூற்றாண்டின் நடுவில் மின்முலாம் வந்தது. செப்புத் தகட்டின்மேல் இரும்பை மெல்லிய தோலாகப் படியவைத்தால் தகடு லேசில் தேயாது. ஐம்பதாவது அச்சும் ஐந்நூறாவது அச்சும் கிட்டத்தட்ட ஒன்றுதான். இயற்கை வைத்த வரம்பு போயே போச்சு. விலையைத் தாங்கிப் பிடிக்க வேறு ஏதாவது வேண்டுமே? ஜேம்ஸ் விஸ்லர் போன்ற ஓவியர்கள் அச்சின் ஓரத்தில் பென்சிலில் கையெழுத்துப் போடுவதைப் பிரபலமாக்கினார்கள். பதிப்பாளர்கள் 'இத்தனைதான் அடிப்போம்' என்று அறிவிக்கத் தொடங்கினார்கள். எண் போடுவது 20-ம் நூற்றாண்டில்தான் பொதுவழக்கமானது.

அதாவது, இன்றைக்கு நீங்கள் பார்க்கும் 150 என்ற எண்ணுக்குத் தொழில்நுட்பக் காரணம் எதுவும் இல்லை. 1,500 அடித்தாலும் மெஷினுக்குக் கவலை கிடையாது. 150 என்பது ஒரு முடிவு, ஒரு வாக்கு.

எண்ணை எப்படிப் படிப்பது?

குறைந்த எண்ணுக்கு மதிப்பு அதிகம் என்பது பெரும்பாலும் விற்பனைப் பேச்சு. 1/150 முதலில் அச்சான தாளாக இருக்க வேண்டியதில்லை. அடுக்கிவைத்த தாள்களில் ஓவியர் எந்த வரிசையில் கையெழுத்துப் போட்டாரோ அந்த வரிசை அது. தகடு தேயும் முறைகளில் மட்டும் முந்தைய அச்சுக்குத் தனி மதிப்பு உண்டு.

கவனிக்க வேண்டியது, எண்ணுக்கு வெளியே இருக்கும் பிரதிகளை. 'ஏ.பி.' என்று எழுதியிருந்தால் ஓவியர் தனக்காக வைத்துக்கொண்ட பிரதி. பிரெஞ்சு வழக்கத்தில் 'இ.ஏ.' என்று இருக்கும். அச்சுக்காரருக்குக் கொடுப்பது 'பி.பி.' விற்பனைக்கு அல்ல என்று பொருள்படும் 'ஹெச்.சி.' என்பதும் ஒன்று உண்டு. விற்பனைக்கு அல்ல என்று போட்ட பிரதிதான் ஏலத்தில் தாராளமாக விற்கிறது. ஏ.பி. மொத்தத்தில் பத்து சதவீதம் அளவுக்கு இருப்பது வழக்கம். 150-க்கு 15 என்றால் சரி. 150-க்கு 80 ஏ.பி. என்றால், அது 230 பிரதி கொண்ட எடிஷன்.

வாக்கு உடைந்த கதைகள்

இந்த வணிகத்தில் மிகப் பெரிய எச்சரிக்கைப் பலகையின் பெயர் சால்வடோர் டாலி. உருகி வழியும் கடிகாரங்களை வரைந்த அதே டாலி.

1974-ல் பிரெஞ்சு சுங்க அதிகாரிகள் அண்டோரா நாட்டுக்குள் போகவிருந்த ஒரு லாரியை நிறுத்திப் பார்த்தார்கள். உள்ளே 40,000 தாள்கள். எல்லாத் தாளிலும் டாலியின் கையெழுத்து இருந்தது. படம்தான் இல்லை, எல்லாமே வெறும் தாள்! கையெழுத்தை முதலில் வாங்கிவைத்துக்கொண்டு, படத்தைப் பிறகு அச்சடித்துக்கொள்வது என்ற ஏற்பாடு. என்ன படம், எத்தனை பிரதி, எந்தத் தரம் என்று கையெழுத்துப் போட்டவருக்கே தெரியாது. இப்படி அவர் மொத்தம் எத்தனை வெறும் தாளில் கையெழுத்துப் போட்டிருப்பார் என்பதற்கு ஆளுக்கொரு கணக்கு சொல்கிறார்கள்.

விளைவு அடுத்த இருபது ஆண்டுகளில் தெரிந்தது. டாலி பெயரில் 'லிமிடெட் எடிஷன் லித்தோகிராஃப்' என்று சந்தை முழுக்கக் கொட்டியது. ஹவாயில் சுற்றுலாப் பயணிகளுக்கு இவற்றை ஆயிரக்கணக்கான டாலருக்கு, 'நாளைக்கு விலை ஏறும்' என்று சொல்லி விற்ற ஒரு கேலரியை நடத்தியவர்களை 1990-ல் அமெரிக்க ஃபெடரல் நீதிமன்றம் குற்றவாளிகள் என்றது. விற்றது பெரும்பாலும் புகைப்பட முறையில் எடுத்த நகல்கள். வாங்கியவர்கள் யார்? பெரும் பணக்காரர்கள் அல்ல. விடுமுறைக்குப் போன இடத்தில், ஓய்வுக்காலத்துக்கு உதவும் என்று சேமிப்பைப் போட்டவர்களும் அதில் இருந்தார்கள். இன்றைக்கும் டாலி அச்சு என்றாலே ஏல நிறுவனங்கள் ஒரு முறைக்கு இரு முறை யோசிக்கின்றன. உண்மையான டாலி அச்சை வைத்திருப்பவரும் சேர்ந்துதான் நஷ்டப்படுகிறார்.

அது மோசடி. சட்டப்படியே வாக்கு வளைந்த கதையும் உண்டு, அதுதான் இன்னும் யோசிக்கவைப்பது.

அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் வில்லியம் எகிள்ஸ்டன், வண்ணப் புகைப்படத்தைக் கலையாக ஏற்கவைத்தவர்களில் ஒருவர். தெருவோரம் நிற்கும் ஒரு பழைய மூன்று சக்கரச் சைக்கிளை அவர் எடுத்த படம் உலகப் புகழ் பெற்றது. அதை 'டை டிரான்ஸ்ஃபர்' என்ற பழைய முறையில், குறைந்த எண்ணிக்கையில் அச்சடித்து விற்றார்கள். ஒரு சேகரிப்பாளர் அதில் ஒரு பிரதியைச் சுமார் 2,50,000 டாலருக்கு வாங்கியிருந்தார். 2012 மார்ச்சில் எகிள்ஸ்டன் தரப்பு, அதே சைக்கிள் உட்படப் பழைய படங்களைப் பெரிய அளவில், இங்க்ஜெட்டில் புதிதாக அச்சடித்து நியூயார்க் கிறிஸ்டீஸில் ஏலம் விட்டது. 36 படங்கள், மொத்தம் 59 லட்சம் டாலர். புதுச் சைக்கிள் மட்டும் 5,78,500 டாலர். பழைய சின்னப் பிரதியைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்.

சேகரிப்பாளர் கோர்ட்டுக்குப் போனார். 'லிமிடெட் என்று சொல்லித்தானே விற்றீர்கள்?' என்பது அவர் வாதம். 2013-ல் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. அளவு வேறு, அச்சு முறை வேறு, ஆகவே இது வேறு எடிஷன்; பழைய வாக்கு மீறப்படவில்லை என்பதுதான் சாரம்.

நியூயார்க்கிலும் கலிஃபோர்னியாவிலும் லிமிடெட் எடிஷன் விற்பவர்கள் எத்தனை பிரதி, எந்த முறை, தகடு அழிக்கப்பட்டதா என்றெல்லாம் எழுத்தில் தர வேண்டும் என்று தனிச் சட்டமே இருக்கிறது. அப்படிச் சட்டம் இருக்கும் ஊரிலேயே நிலைமை இதுதான். '150 பிரதிகள் மட்டுமே' என்று இன்ஸ்டாகிராமில் போட்டவர், அடுத்த வருஷம் அதே படத்தை நான்கு அங்குலம் பெரிதாக்கி இன்னொரு 150 விற்றால் என்ன செய்வீர்கள்? ஆகவே கேட்க வேண்டிய முதல் கேள்வி, 'எத்தனை பிரதி?' அல்ல. 'எல்லா அளவும், எல்லாத் தாளும், கேன்வாஸும் சேர்த்து மொத்தம் எத்தனை?'

ஒரே படம், இரண்டு விலை

1967-ல் வார்ஹால் மர்லின் மன்றோவின் முகத்தைப் பத்து வண்ணச் சேர்க்கைகளில் ஸ்கிரீன் பிரிண்டாகப் போட்டார். ஒவ்வொன்றும் 250 பிரதி. கொஞ்ச நாளில், 1970 வாக்கில், 'சண்டே பி. மார்னிங்' என்ற பெயரில் ஐரோப்பாவிலிருந்து அதே மர்லின், அதே அளவில், அதே போன்ற வண்ணங்களில் வெளிவரத் தொடங்கியது. பின்பக்கத்தில் ஒரு ரப்பர் ஸ்டாம்ப்: 'உங்கள் கையெழுத்தை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.' வார்ஹால் இதைப் பார்த்துக் கடுப்பானாரா, ரசித்தாரா தெரியாது. அதில் சில பிரதிகள் தன் முன்னால் நீட்டப்பட்டபோது, 'இது நான் செய்ததல்ல' என்று எழுதிக் கீழே 'ஆண்டி வார்ஹால்' என்று கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருக்கிறார்.

சுவரில் மாட்டினால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. 1967 எடிஷனில் ஒரு தாள் லட்சம் டாலருக்கு மேல் போகும். பிற்காலத்து சண்டே பி. மார்னிங் பிரதி சில நூறு டாலருக்குக் கிடைக்கிறது. இடையில் இருக்கும் அந்தத் தொகை முழுக்க, 'இது அந்த 250-ல் ஒன்று' என்பதற்கான விலை. படம் பிடித்துப்போய் வாங்குபவர் எதற்காக அந்தத் தொகையைக் கொடுக்க வேண்டும் என்று கேட்டால், நியாயமான கேள்விதான். ஸ்டாம்பைப் பார்த்து, தெரிந்தே சில நூறு டாலர் கொடுத்து வாங்கி மாட்டியவர் ஏமாந்தவர் அல்ல.

சான்றிதழ் இருக்கிறதே?

விற்பவரே லேசர் பிரிண்டரில் அடித்துக் கொடுக்கும் 'சர்ட்டிஃபிகேட் ஆஃப் ஆதென்டிசிட்டி'க்குத் தங்க நிற ஸ்டிக்கர் ஒட்டினாலும் மதிப்பு விற்பவரின் மதிப்புதான். அவர் கடையை மூடிவிட்டால் அதுவும் ஒரு தாள்.

இதைச் சரியாகப் புரிந்துகொண்டவர், யாரென்றே வெளியில் சொல்லிக்கொள்ளாத தெருவோவியர் பேங்க்ஸி. 'பலூனுடன் சிறுமி' படத்தின் 2004 அச்சில் கையெழுத்திட்டது 150, கையெழுத்து இல்லாதது 600. போலிகள் பெருகியதும் 2008-ல் 'பெஸ்ட் கன்ட்ரோல்' என்று ஓர் அலுவலகம் திறந்தார். பூச்சி மருந்து அடிக்கும் கம்பெனி போலப் பெயர் இருந்தாலும், பேங்க்ஸி படங்களுக்குச் சான்று தருவது அவர்கள்தான். அந்தச் சான்றிதழில் ஒரு பாதி ரூபாய் நோட்டு பின் அடித்திருக்கும். நோட்டு என்றால் இளவரசி டயானா முகம் போட்டு பேங்க்ஸியே அடித்த டூப்ளிகேட் பத்து பவுண்டு நோட்டு. அதைக் கையால் கிழித்து, ஒரு பாதியை உங்களுக்கும் மறுபாதியை அலுவலகத்துக்கும் வைத்துக்கொள்வார்கள். கிழிசல் பொருந்த வேண்டும், குறுக்கே எழுதிய எண் பொருந்த வேண்டும். கள்ள நோட்டை வைத்து ஒரிஜினலை நிரூபிக்கும் குசும்பு ஒருபக்கம் இருக்கட்டும். வாங்கியவர் கையில் இருக்கும் தாளைச் சரிபார்க்க இன்னொரு இடத்தில் ஒரு பதிவு இருக்கிறது, அதுதான் விஷயம்.

அதே பேங்க்ஸி அச்சுகள் 2020, 2021-ல் உச்சத்துக்குப் போய், பிறகு கணிசமாக இறங்கின என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சான்று பக்காவாக இருந்தும் விலை இறங்கும்.

லிமிட் இருந்தால் விலை ஏறுமா?

ஹொகுசாயின் பேரலை உங்கள் வாட்ஸ்அப் ஸ்டிக்கரில்கூட இருக்கும். 1831 வாக்கில் ஜப்பானில் மரப்பலகை அச்சாக வந்தது. எண் கிடையாது, வரம்பு கிடையாது. பலகை தாங்கும் வரை ஆயிரக்கணக்கில் அடித்தார்கள். இரண்டு கிண்ணம் நூடுல்ஸ் விலைதான் என்பார்கள். தேயாத பலகையில் எடுத்த ஒரு நல்ல பிரதி 2023 மார்ச்சில் நியூயார்க்கில் 27 லட்சம் டாலருக்கு மேல் போனது.

நம் பக்கத்திலும் ஓர் உதாரணம் உண்டு. ராஜா ரவிவர்மா 1894-ல் மும்பையில் அச்சகம் தொடங்கியபோது அவர் நோக்கமே லிமிட் வைக்காமல் இருப்பதுதான். லட்சுமியும் சரஸ்வதியும் எல்லா வீட்டுச் சுவருக்கும் போக வேண்டும், போனார்கள். செட்டிநாட்டு வீடுகளின் கூடங்களில் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்தவர்கள், பிறகு காரைக்குடி பழம்பொருள் கடைகளுக்கு வந்தார்கள். அந்தப் பழைய ஓலியோகிராஃப்களை இன்று தேடி வாங்குகிறார்கள். எண் போட்டதால் அல்ல. கரையான், ஈரம், வீடு மாற்றல் எல்லாம் தாண்டிப் பிழைத்தவை குறைவு என்பதால்.

மறுபக்கம், டேமியன் ஹர்ஸ்ட் 2021-ல் எட்டு செர்ரி மலர்ப் படங்களை வெளியிட்டார். ஒரு பிரதி 3,000 டாலர். எத்தனை பிரதி என்று முன்கூட்டியே சொல்லவில்லை. சில நாட்கள் கடை திறந்திருக்கும், அதற்குள் எத்தனை பேர் வாங்குகிறார்களோ அதுதான் எடிஷன். சுமார் 7,500 பிரதிகள் விற்றன, இரண்டு கோடி டாலருக்கு மேல் வசூல். இதுவும் 'லிமிடெட்'தான், யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால், எண்ணிக்கையைத் தீர்மானித்தது ஓவியர் அல்ல, வாங்கியவர்களின் ஆசை.

யாரும் தேடாத ஒன்று உலகில் பத்தே பத்து இருந்தாலும் விலை வராது. எண்ணிக்கை குறைவு என்பது, ஏற்கெனவே இருக்கும் ஆசையைக் கொஞ்சம் பெருக்கும், அவ்வளவுதான். ஆகவே அந்த 'நல்ல முதலீடும்கூட' என்ற வரியைப் பார்த்ததும் உஷாராகிவிடலாம். பங்கு போல நாளை காலை விற்க முடியாது. அதிகம் அறியப்படாத ஓவியரின் அச்சுக்கு இரண்டாவது சந்தையே பெரும்பாலும் கிடையாது. வாங்கிய கடையிடமே 'திரும்ப எடுத்துக்கொள்வீர்களா, எந்த விலைக்கு?' என்று கேட்டுப் பாருங்கள். பதிலுக்கு வரும் மௌனத்திலேயே பாதி விவரம் கிடைத்துவிடும்.

சரி, அந்த 18,000 ரூபாய் படத்தை என்ன செய்வது?

முதலில் முறையைக் கேளுங்கள். எட்சிங்கா, ஸ்கிரீன் பிரிண்டா, இங்க்ஜெட்டா? 'மிக்ஸ்டு', 'மியூசியம் குவாலிட்டி' என்று சுற்றி வளைத்தால் இங்க்ஜெட் என்று எடுத்துக்கொள்ளலாம். இங்க்ஜெட் என்றால் வேண்டாம் என்பதில்லை, இங்க்ஜெட்டுக்கு உரிய விலையா என்று பார்க்க வேண்டும். பிறகு, எல்லா அளவும் சேர்த்து மொத்த எண்ணிக்கை, ஏ.பி. எத்தனை, அச்சடித்த ஆண்டு, எங்கே அச்சடித்தது, தகடு அல்லது ஃபைல் என்ன ஆனது. இவ்வளவும் ஒரு மெயிலில் எழுதித் தரச் சொல்லுங்கள். போனில் சொல்வது வேண்டாம். பில்லில் 'டெகோர் ஐட்டம்' என்று போடாமல் ஓவியர் பெயர், படத்தின் பெயர், 37/150 என்று போடச் சொல்லுங்கள். நாளைக்கு நுகர்வோர் மன்றம் வரை போக வேண்டிவந்தாலும் கையில் இருக்கப்போவது அதுதான்.

நேரில் பார்க்க முடிந்தால் ஒரு சின்ன லென்ஸ் போதும், நூறு இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை நாளிதழின் வண்ணப் பக்கத்தை லென்ஸில் பார்த்தால் நான்கு வண்ணப் புள்ளிகள் பூப்பூவாகச் சேர்ந்திருப்பது தெரியும். 'கையால் எடுத்த லித்தோகிராஃப்' என்று விற்கும் தாளில் அதே பூப்பூ தெரிந்தால், நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பலாம். எட்சிங் என்றால் படத்தைச் சுற்றித் தகட்டின் விளிம்பு தாளில் லேசாகப் பள்ளம் விழுந்திருக்கும், விரலால் தடவினால் தெரியும். கையெழுத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். பென்சில் கோடு பளபளக்கும், அச்சான கையெழுத்து பளபளக்காது. பென்சிலில் போடும் வழக்கமே அதற்குத்தான்.

இன்னொரு வழியும் இருக்கிறது. சென்னை கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாடமியின் மண்டல மையத்தில் அச்சுக்கலைக்கென்றே ஸ்டூடியோ இருக்கிறது. தேவகோட்டையில் பிறந்து உலகம் அறிந்த அச்சுக் கலைஞரான ஆர்.எம். பழனியப்பன் இந்த மையத்தின் பொறுப்பில் இருந்தவர். அங்கே நடக்கும் கண்காட்சிகளுக்கு ஒரு மதியம் போய், தகட்டிலிருந்து தாள் உரிந்து வருவதைப் பார்த்தவருக்கு எட்சிங் எது, இங்க்ஜெட் எது என்ற சந்தேகம் அநேகமாக வராது. இளம் அச்சுக் கலைஞர்களிடம் நேரடியாக வாங்கினால், கேட்க வேண்டிய கேள்விகளைக் கையில் மை அப்பிக்கொண்டு நிற்பவரிடமே கேட்டுவிடலாம். ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும்: வாங்கியது தாளைத்தான், காப்புரிமையை அல்ல. அதை போட்டோ எடுத்து அலுவலக டி-ஷர்ட்டில் போட முடியாது.

வாங்கியாச்சு என்றால் அடுத்தது ஃபிரேம் கடை. எந்தப் போலிக்காரரும் செய்யாத சேதம் இங்கேதான் நடக்கும். ஹார்டுபோர்டில் ஃபெவிகால் தடவித் தாளை அப்படியே ஒட்டுவார்கள், சுருக்கம் வராமல் இருக்க. சிலர் லேமினேட்டே செய்துவிடுவார்கள். வெள்ளை ஓரம் 'அசிங்கமாக இருக்கு' என்று பிளேடால் வெட்டி எடுப்பார்கள். 37/150-ம் கையெழுத்தும் அந்த ஓரத்தில்தான் இருக்கும். ஆகவே கடைக்குள் நுழைந்ததும், விலை பேசுவதற்கு முன்னாலேயே அண்ணனிடம் சொல்லிவிடுங்கள்: ஒட்ட வேண்டாம், வெட்ட வேண்டாம், லேமினேஷன் வேண்டவே வேண்டாம். அமிலமில்லாத மவுண்ட் போர்டு, மேல் விளிம்பில் மட்டும் மெல்லிய தாள் கீல், கண்ணாடி படத்தைத் தொடாமல் ஒரு இடைவெளி. மாட்டும் சுவர் மேற்கு வெயில் விழாததாக, மாடி பாத்ரூம் ஈரம் இறங்காததாக இருக்கட்டும். வருஷத்துக்கு ஒரு தடவை இறக்கிப் பின்பக்கம் பாருங்கள். ராமபாணப் பூச்சிக்கு எடிஷன் நம்பர் எல்லாம் படிக்கத் தெரியாது.